முட்டைக்குப் பயந்தவர்

"முட்டையை அடியோடு விட்டுவிட்டேன் டாக்டர். அதில் அராகிடோனிக் அமிலம் இருக்கிறதாம், உடம்பில் அழற்சியைக் கிளப்புமாம்" என்றார், முழங்கால் வலியோடு வந்த பெரியவர். செல்போனில் வந்த செய்தி.

சரி, வலிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். மூன்று வாரமாகத் தினமும் இரண்டு டைக்ளோஃபினாக், யாரையும் கேட்காமல் வாங்கியது. ஏற்கெனவே ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில், கூடவே நீர் பிரிய ஒரு மாத்திரை. இரண்டு காலும் வீங்கியிருந்தன. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், ரத்தத்தில் ஏறியிருந்தது.

அவர் பயந்த அமிலம் நம் எல்லாருடைய செல் சவ்விலும் இருக்கிற ஒமேகா-6 கொழுப்பு அமிலம்தான். முட்டையை நிறுத்தினாலும் லினோலியிக் அமிலத்திலிருந்து உடம்பே அதைத் தயாரித்துக்கொள்ளும். காயமோ கிருமியோ வந்தால் ஒரு நொதி அதைச் சவ்விலிருந்து பிரித்தெடுக்கிறது. அப்புறம் அதற்கு இரண்டு முக்கியப் பாதைகள். காக்ஸ் என்ற நொதியின் வழியில் போனால் புரோஸ்டாகிளாண்டின், ரத்தம் உறைய உதவும் த்ராம்பாக்ஸேன் என்ற வேதிப்பொருள்கள். லைபாக்ஸிஜனேஸ் என்ற இன்னொரு நொதியின் வழியில் போனால், மூச்சுக்குழாயை இறுக்கும் லியூக்கோட்ரையீன்.

வலி, காய்ச்சல், மாதவிடாய் வயிற்றுவலி எல்லாவற்றிலும் புரோஸ்டாகிளாண்டினுக்குப் பங்குண்டு. ஆஸ்பிரின் 1899-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் அது இந்த உற்பத்தியைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது என்று பிரிட்டிஷ் மருந்தியல் அறிஞர் ஜான் வேன் காட்டியது 1971-ல். டைக்ளோஃபினாக்கும் இதே காக்ஸ் நொதியைத் தடுப்பதுதான். அதுவரை எப்படி என்று தெரியாமலேயே எழுதிக்கொடுத்திருக்கிறோம்!

சிக்கல் என்னவென்றால், வயிற்றின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும் இதே புரோஸ்டாகிளாண்டின்தான். சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் குழாயை, நெருக்கடி நேரத்தில் விரித்து வைப்பதும் அதுதான். பெரியவரின் சிறுநீரகத்தில் நடந்ததைப் பாருங்கள். நீர் மாத்திரை உடம்பின் நீரைக் குறைத்தது. ராமிப்ரில், ரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்தியது. அதுவரை சமாளித்துக்கொண்டிருந்த சிறுநீரகத்துக்கு, வலி மாத்திரை வந்து நுழைவாயிலையும் சுருக்கிவிட்டது. வடிகட்டத் தேவையான அழுத்தம் எங்கிருந்து வரும்?

ஆஸ்துமாவும் மூக்கில் சதை வளர்ச்சியும் உள்ள சிலருக்கு வேறு ஆபத்து. காக்ஸ் பாதை அடைபட்டதும் லியூக்கோட்ரையீன் பெருகி மூச்சுக்குழாய் இறுகும். ஒரே ஒரு மாத்திரையில் மூச்சு முட்டி அவசரப் பிரிவுக்கு வருபவர்கள் உண்டு.

இதைப் படித்துவிட்டு, மாரடைப்புக்குப் பிறகு எழுதிக்கொடுத்த சிறு அளவு ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ரத்தத் தட்டணுவுக்கு உட்கரு கிடையாது; ஆஸ்பிரினால் நிரந்தரமாக முடங்கிய காக்ஸ் நொதிக்குப் பதில் புதிதாகச் செய்துகொள்ள அதனால் முடியாது. அதனால்தான் அவ்வளவு குறைந்த அளவே ரத்தம் உறைவதைத் தடுக்கப் போதுமாக இருக்கிறது.

பெரியவருக்கு டைக்ளோஃபினாக்கை நிறுத்தினேன். இரண்டு வாரத்தில் கிரியாட்டினின் இறங்கியது, கால் வீக்கமும் வடிந்தது. முழங்காலுக்குத் தொடைத் தசைப் பயிற்சி சொல்லிக்கொடுத்தோம், தேவைப்பட்டால் பாராசிட்டமால்.

கிளம்பும்போது கதவருகே நின்று, "அப்போ முட்டை?" என்றார்.

"தாராளமாகச் சாப்பிடுங்கள்" என்றேன்.