திருமுழுக்கு, ஞானஸ்நானம்: சொல்லும் பொருளும்

ஒருவரைக் கிறிஸ்தவராகச் சேர்க்கும் நீர்ச் சடங்குக்குப் பேச்சில் 'பாப்டிசம்' என்று வழங்கும் சொல்லின் வேர், 'பாப்டிசோ' என்ற கிரேக்க வினை. நீரில் அமிழ்த்துதல், முக்கியெடுத்தல் என்று பொருள். அதற்கும் மூலமான 'பாப்டோ', துணியைச் சாயத்தில் தோய்ப்பதையும் குறித்தது.

தமிழில் நெடுங்காலம் நின்றது ஞானஸ்நானம். ஞானம், ஸ்நானம் இரண்டும் வடசொற்கள். சீர்திருத்தச் சபைகளில் இன்றும் இதுவே பெருவழக்கு. அழைப்பிதழ்களில் அடிக்கடி அச்சாகும் 'ஞானஸ்தானம்' பிழை. ஸ்தானம் என்றால் இடம். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் திருமுழுக்கு என்ற சொல்லை எடுத்தாண்டது. 'யோவான் ஸ்நானன்' அதில் 'திருமுழுக்கு யோவான்' ஆனார். முழுகு என்ற வினையிலிருந்து பிறந்ததால் கிரேக்கச் சொல்லுக்கு இது நேராகவே அமைகிறது. உறவை அறுத்துக்கொள்வதைத் 'தலைமுழுகுதல்' என்கிறோமே, அந்தச் சாயலும் இங்கே பொருந்தும்: அலகையை, அதாவது சாத்தானை, விட்டுவிடுவதாக வாக்களித்த பிறகுதான் சடங்கில் நீர் வருகிறது. தகுந்த தமிழ்ச்சொல் திருமுழுக்கே.

ஆனால் முழுக்கு என்பதால் எல்லாச் சபையிலும் முழுகுவதில்லை. பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபைகளில் விசுவாசத்தை அறிக்கையிடும் வயது வந்தவரை ஆற்றிலோ தொட்டியிலோ முழுக்குவார்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் குழந்தையின் தலையில் ஊற்றுவதே பெரும்பாலான வழக்கம். இது பிற்காலச் சலுகை அன்று. தொடக்கத் திருச்சபையின் 'திதாக்கே' என்ற கையேடே, ஓடும் நீர் முதல் தெரிவு, கிடைக்காவிட்டால் வேறு நீர், அதுவும் போதாவிட்டால் தலையில் மும்முறை ஊற்றலாம் என்கிறது.

கத்தோலிக்க முறையில் குழந்தையின் பெயரைக் கேட்டு, நெற்றியில் சிலுவை அடையாளம் இடுவார்கள். இறைவாக்குக்குப் பின் நெஞ்சில் ஆயத்த எண்ணெய். வாக்குறுதி முடிந்ததும் தந்தை, மகன், தூய ஆவியார் பெயரால் மும்முறை நீர். பிறகு உச்சந்தலையில் கிறிஸ்மா என்னும் புனிதத் தைலம், வெள்ளாடை, பாஸ்கா திரி எனும் பெரிய உயிர்ப்பு மெழுகுதிரியிலிருந்து ஏற்றிய மெழுகுவர்த்தி.

தவறு நேர்வது பெரும்பாலும் நீரிலும், நீர் ஊற்றும்போது சொல்லும் வாய்பாட்டிலும்தான். ஈர விரலால் நெற்றியைத் தொட்டால் போதாது. நீர் தோலில் பட்டு வழிய வேண்டும். வாய்பாட்டில் 'நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்' என்பதை 'நாங்கள் உனக்கு' என்று மாற்றினால் செல்லாது என்று 2020இல் வத்திக்கான் அறிவித்தது. திருமுழுக்கு அளிப்பவர் கிறிஸ்துவே, கூடியிருக்கும் மக்கள் அல்லர் என்பது காரணம். இதனால் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் மறைமாவட்டத்தில் பலர் மீண்டும் பெற வேண்டியதாயிற்று. முறையாகப் பெற்றவருக்கு இரண்டாம் முறை கிடையாது. ஆய்ந்தும் ஐயம் தீராவிட்டால் 'நீ திருமுழுக்குப் பெறாதிருந்தால்' என்ற நிபந்தனையோடு தருவார்கள்.

சாகும் தறுவாயில் உரிய நோக்கத்தோடு யாரும் கொடுக்கலாம், கிறிஸ்தவர் அல்லாதவரும்கூட. குழந்தையின் விசுவாச வாழ்வுக்குத் துணைநிற்கும் ஞானப்பெற்றோராக ஒருவர் போதும். இருவர் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். பொதுவாக 16 வயது நிறைந்து, உறுதிப்பூசுதல் என்ற அருளடையாளம் பெற்றிருக்க வேண்டும். பெற்ற தாய் தந்தையர் அந்த இடத்தில் நிற்க முடியாது. திருமுழுக்கு பங்கு ஆலயத்தின் பதிவேட்டில் எழுதப்படும். பின்னாளில் திருமணம், குருத்துவம் எல்லாம் குறிக்கப்படுவதும் அதே பதிவேட்டில்தான். பெயரின் எழுத்தை அன்றே சரிபார்த்துவிடுங்கள்.