டெஸ்டோஸ்டிரோன்: ‘ஆண்மைக்குறைவு’ என்ற சொல் ஏன் பிழை

மாசி மாதத்தில் எங்கள் பக்கத்து, இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் மன்மதன், ரதி கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும். ரதி வேஷத்தை ஒரு பையன்தான் கட்டுவான். என்னிடம் தமிழ் படித்த ஒருவனே ஐந்து வருடம் தொடர்ந்து கட்டினான். மீசை அரும்பவில்லை, குரல் உடையவில்லை. சேலை உடுத்திவிட்டால் ரதியே வந்து நின்றாள் என்று லயத்துக் குடியிருப்பெல்லாம் மெச்சியது. 21 வயதாகியும் குரல் ஏன் உடையவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. தினமும் பார்த்துக்கொண்டிருந்த நானும் கேட்கவில்லை. அது இன்னும் என் மனதை உறுத்துகிறது.

ஒரு நாள் மடித்த தாளொன்றை என்னிடம் நீட்டினான். “சேர், இதற்குத் தமிழில் என்ன?” அது ஓர் ஆய்வுகூட அறிக்கை. டெஸ்டோஸ்டிரோன் என்ற சொல்லும், அதற்கு எதிரே மிகச் சிறிய எண்ணொன்றும் இருந்தன. நகரத்தில் லேகியம் விற்கும் ஒருவர் அதை வாசித்துவிட்டு, “ஆண்மைக்குறைவு” என்று தமிழாக்கி, மூன்று மாத மருந்துக்கு விலையும் சொல்லியிருக்கிறார். அந்தத் தமிழைக் கேட்ட பிறகு பத்து நாள் அவன் வீட்டில் யார் முகத்தையும் பார்த்துப் பேசவில்லை.

மீசை அரும்பவும் குரல் உடையவும் தூண்டும் பொருளின் பெயரான டெஸ்டோஸ்டிரோன், மூன்று துண்டுகளை ஒட்டிய சொல். ‘டெஸ்டிஸ்’ என்பது இலத்தீனில் விதை, அதாவது ஆணின் விதைப்பையில் இருக்கும் உறுப்பு. நடுவில் இருக்கும் ‘ஸ்டெரோல்’, கொலஸ்டிரோல் என்ற சொல்லிலும் வருகிறதே, அதுதான். கிரேக்கத்தில் ‘ஸ்டெரெயோஸ்’ என்றால் திண்மையானது. பித்தக்கற்களில் கிடைத்த திண்மப் பொருளுக்குக் கொலஸ்டிரோல் என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் உள்ள ‘ஓன்’ கீற்றோன் என்ற இரசாயன வகையைக் குறிக்கும் வால். ஆக, விதையில் கிடைத்த, கொலஸ்டிரோல் குடும்பத்துக் கீற்றோன் என்பதே மொத்தப் பொருள். இந்தப் பெயரில் வீரமும் இல்லை, மானமும் இல்லை.

பெயர் வைத்தது 1935இல், ஆம்ஸ்டர்டாமில், ஏர்ன்ஸ்ட் லாக்கர் என்பவரின் குழு. 100 கிலோ காளை விதையிலிருந்து அவர்கள் பிரித்தெடுத்தது 10 மில்லிகிராம் மட்டுமே. விதை இந்தப் பொருளைச் சேமித்து வைப்பதில்லை. செய்ததை உடனே இரத்தத்தில் விட்டுவிடுகிறது. அதே ஆண்டில் புட்டெனான்ட், ருசிக்கா என்ற இரசாயனவியலாளர் இருவரும் அதைக் கொலஸ்டிரோலிலிருந்து செய்து காட்டினார்கள். 1939இன் இரசாயன நோபல் பரிசு அவ்விருவருக்கும் பகிர்ந்து கொடுக்கப்பட்டது.

ஆட்டு விதையைச் சமைத்துக் கொடுத்தால் பையன் தேறிவிடுவான் என்று நம்பும் பெரியவர்கள் எங்கள் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். அன்பினால் செய்கிறார்கள், ஆனால் பயனில்லை. விதையில் இருப்பதே சொற்பம், அந்தச் சொற்பத்தையும் ஈரல் அழித்துவிடும். 1889இல் பிரௌன்-செக்கார் என்ற பெயர்பெற்ற மருத்துவரே, 72 வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைச் சாற்றைத் தனக்கே ஊசியாக ஏற்றிக்கொண்டு இளமை திரும்பியது என்று அறிவித்தார். டெஸ்டோஸ்டிரோன் என்ற அந்த ஓமோன் நீரில் கரைவதே அரிது; சாற்றில் அது போதிய அளவு வந்திருக்காது. அவர் உணர்ந்தது நம்பிக்கையின் பலன். லேகியக் கடைகள் விற்பதும் அந்த நம்பிக்கையைத்தான்.

‘ஓமோன்’ என்று எழுதினேன். எங்கள் பாடநூல்களில் அப்படித்தான், தமிழ்நாட்டில் ஹார்மோன். 1905இல் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியலாளர் கிரேக்க வினையொன்றிலிருந்து எடுத்து வழங்கிய சொல் அது. ‘தூண்டி இயக்கு’ என்பது அந்த வினையின் பொருள். அதனால் ‘இயக்குநீர்’ என்ற தமிழ்ச்சொல் மிகப் பொருத்தமானது. கிரேக்க மூலத்தை அறிந்தவர் ஆக்கிய சொல் என்பது அதைப் பார்த்தவுடன் தெரியும்.

இனி ஆண்மை. இந்தச் சொல்லின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆள் என்ற வேரில் பிறந்தது. ஆளும் தன்மையே ஆண்மை. வேளாண்மை, தாளாண்மை எல்லாம் அதே குடும்பம். திருக்குறள் பிறன்மனை நோக்காமையைப் ‘பேராண்மை’ என்கிறது. தான் பிறந்த குடியை உயர்த்துவதை ‘நல்லாண்மை’ என்கிறது. இவற்றில் எதையும் இரத்தம் எடுத்து அளக்க முடியாது. விடிய எழுந்து, அம்மா கொழுந்து பறிக்கப் போகும் முன் தண்ணீர் சுமந்து வைத்து, இரண்டு தங்கைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்த பையனிடம் போய் ‘உனக்கு ஆண்மை குறைவு’ என்று சொன்னது பெரும் பிழை. மொழியாலும் பிழை, மருத்துவத்தாலும் பிழை.

மருத்துவத்தால் ஏன் பிழையென்றால், அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு விடயங்களைப் போட்டுக் கலக்குகிறார்கள். உறுப்பு விறைக்காமை ஒன்று. இளைஞர்களிடம் அது பெரும்பாலும் மனப்பதற்றத்தாலோ சர்க்கரை நோய் போன்ற வேறு காரணத்தாலோ வருவது. விந்தணு குறைவது இன்னொன்று. ஓமோன் அளவு சரியாக இருப்பவருக்கும் அது வரலாம். இந்த ஓமோன் போதாமல் சுரப்பது மூன்றாவது. மூன்றுக்கும் பரிசோதனையும் வேறு, மருந்தும் வேறு.

அப்படியானால் சரியான தமிழ் எது? ‘ஆண் ஓமோன்’ என்பது பரவலாக வழங்குகிறது. பெண்களின் சூலகமும் சிறுநீரகத்தின் மேலிருக்கும் அதிரினற் சுரப்பியும்கூட இதைச் சிறிதளவு சுரக்கின்றன என்பதால் எனக்கு அது நிறைவாக இல்லை. மூலச்சொல் சொல்வதையே சொல்லி ‘விதை ஓமோன்’ எனலாம். தூய தமிழ் வேண்டுவோர் ‘விதை இயக்குநீர்’ எனலாம். அது போதாத நிலை ‘விதை ஓமோன் குறைபாடு’. மருத்துவர்கள் அந்நிலைக்கு வைத்திருக்கும் ஹைப்போகோனடிசம் என்ற பெயரிலும் ‘கோனே’ என்ற கிரேக்கச் சொல் இருக்கிறது. அதற்கும் விதை, பிறப்பு என்றே பொருள். நாம் சனனம் என்று சொல்லும் வடசொல்லும் அதுவும் ஒரே வேரின் கிளைகள். குறைபாடு என்று முடிப்பதற்கும் காரணம் உண்டு. அயடீன் குறைபாடு, இரும்புச்சத்துக் குறைபாடு என்று நாம் கூசாமல் சொல்கிறோம். இதுவும் அந்த வரிசையில் நிற்க வேண்டியது.

பையனின் கதைக்கு வருகிறேன். அந்த முதல் அறிக்கைக்கு இரத்தம் எடுத்தது பின்னேரம் நான்கு மணிக்கு, சோறு சாப்பிட்ட பிறகு. எடுத்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. விதை ஓமோன் காலையில் ஏறி, பகல் போகப்போக இறங்குவது; சாப்பாடும் அதைக் குறைக்கும். தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டு கூடும் அந்த நேரத்தில், வெறும் வயிற்றில்தான் இரத்தம் கொடுக்க வேண்டும். ஒரு நாள் போதாது. வேறொரு காலையிலும் அளந்து, இரண்டு முறையும் குறைந்திருந்தால்தான் குறைவு என்று கொள்வார்கள். காய்ச்சலோடு போய் அளக்கக் கூடாது. தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் இரவு வேலை செய்பவர்கள் அதை டொக்டரிடம் சொல்ல வேண்டும். தூக்கம் மாறினால் இந்தக் கணக்கும் மாறும். எங்கள் பிள்ளைகளுக்கு இது இலேசான காரியம் அல்ல. மேல் டிவிஷனிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடிக்க இருட்டில் இறங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். அதனால்தான் பலர் ஒரே அறிக்கையோடு கடைக்குப் போகிறார்கள்.

எண்ணைப் பார்க்கும்போது அலகையும் பார்க்க வேண்டும். பருமன் இல்லாத ஆரோக்கியமான இளைஞர்களுக்குக் கீழெல்லையாக டெசிலீற்றருக்கு 264 நனோகிராம் என்பதை அமெரிக்க அகச்சுரப்பியியல் சங்கத்தின் 2018 வழிகாட்டல் குறிக்கிறது. இன்னொரு ஆய்வுகூடம் அதையே லீற்றருக்கு 9.2 நனோமோல் என்று எழுதும். 264ஐ எதிர்பார்த்தவர் நனோமோலில் எழுதிய 12 என்ற எண்ணைக் கண்டு கலங்கிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு ஒரு குறையும் இல்லை. உடல் பருமன், கடும் தூக்கக்கேடு, சில வலிமருந்துகள் ஆகியவற்றாலும் அளவு இறங்கும். எடை குறைந்தாலே அது ஏறிவிடுவதும் உண்டு. களைப்பாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ளக் கூடாது.

குறைவு உறுதியானால் அடுத்த கேள்வி, எங்கே தடை என்பது. விதைக்கு மேலே, மூளையின் அடியில், கபச்சுரப்பி இருந்து எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஏவல் ஓமோன்களை அனுப்புகிறது. (சளியை மூக்குக்கு அனுப்பும் உறுப்பு என்று முற்காலத்தவர் பிழையாக நினைத்து வைத்த பெயர் அது, ஆனாலும் அந்தப் பிழை யாரையும் தலைகுனிய வைக்கவில்லை.) ஏவல் கூடியிருந்து விதை ஓமோன் குறைந்திருந்தால் கோளாறு விதையில். சிறுவயதில் விதை இறங்காமல் இருந்தது, கூகைக்கட்டு (பொன்னுக்கு வீங்கி) விதையைத் தாக்கியது, ஓர் எக்ஸ் நிறமூர்த்தம் (குரோமோசோம்) கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்ட்டர் நிலை என்று காரணங்கள் உண்டு. ஏவலே குறைந்திருந்தால் கோளாறு மேலே.

அவனைக் கண்டிக்கு அனுப்ப ஒரு கடிதம் கிடைத்தது. நானும் கூடப் போனேன். அகஞ்சுரக்கும் சுரப்பிகளுக்கான நிபுணர், தமிழ் தெரிந்தவர். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மணிமாலையை எடுத்தார். 1 முதல் 25 மில்லிலீற்றர் வரை, சிறிதிலிருந்து பெரிதாகக் கோத்த பன்னிரண்டு முட்டை வடிவ மணிகள். பிராடர் என்ற சுவிஸ் மருத்துவர் 1966இல் அறிமுகப்படுத்திய அளவுகோல். திரைக்குப் பின்னால் விதையை மணிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பருவம் வந்தவனுக்கு 12க்கு மேல் இருக்க வேண்டும், இவனுக்கு 3. பிறகு அவர் கேட்ட கேள்வி என்னை அசைத்துவிட்டது.

“தம்பி, ஸ்டோரில் தேயிலை காயும்போது எப்படி மணக்கும்?”

“எல்லாரும் நல்ல மணம் என்பார்கள், டொக்டர். எனக்குத் தெரியாது. எனக்கு எதுவும் மணப்பதில்லை.”

பிறந்து வளர்ந்ததெல்லாம் தேயிலைக்குள். அந்த மணத்தை அவன் ஒரு நாளும் அறிந்ததில்லை. அதையும் யாரும் கேட்டதில்லை. ஏவலைத் தொடங்கி வைக்கும் நரம்பணுக்கள் கருவில் மூக்குப் பகுதியில் உருவாகி, மண நரம்பின் வழியேதான் மூளைக்குள் ஏறுகின்றன. அந்தப் பாதை அமையாவிட்டால் மணமும் தெரியாது, பருவமும் வராது. 1944இல் இதை விவரித்தவரின் பெயரால் கால்மன் நிலை என்கிறார்கள். தோட்டத்து மருந்தகத்தில் வருடக்கணக்காக அவனுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இரத்தம் குறைந்ததற்கும் இந்த ஓமோன் குறைவே காரணமாக இருக்கக்கூடும் என்று அன்றுதான் அறிந்தோம்.

சிகிச்சை இருக்கிறது. சில வாரங்களுக்கு ஒருமுறை விதை ஓமோன் ஊசி. குரல் உடையும், எலும்பு உறுதிப்படும். ஆனால் அந்த ஊசி விந்தணுவை உண்டாக்காது. பிள்ளை வேண்டும் என்கிற காலத்தில் அதை நிறுத்தி, ஏவல் ஓமோன்களையே ஊசியாகக் கொடுப்பார்கள். குறைபாடே இல்லாத இளைஞர்கள் உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ கொடுத்தார் என்று இதே ஊசியைப் போட்டுக்கொள்வதை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. வெளியிலிருந்து வந்து சேர்ந்தால் கபச்சுரப்பி ஏவலை நிறுத்திவிடும், விந்தணு வற்றிப்போகும், மீள மாதங்களோ வருடங்களோ ஆகலாம்.

திரும்பும் பஸ்ஸில், கம்பளை தாண்டியபின் கேட்டான். “அம்மாவிடம் எப்படிச் சொல்வது, சேர்?” விதை ஓமோன் குறைபாடு என்று சொல் என்றேன். அன்றிரவு அடுப்படியில் வைத்து, கிளினிக் கொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, அதை அப்படியே சொன்னான். அம்மா ரொட்டி மாவைப் பிசைந்தபடி சிறிது நேரம் யோசித்தார்.

“இரத்தம் குறைகிற மாதிரியா?”

“அந்த மாதிரிதான், அம்மா.”

“ஊசி போட்டால் சரியாகுமா?”

“ஆகும் என்கிறார்கள்.”

“அடுத்த கிளினிக் என்றைக்கு?” என்று கேட்டுவிட்டு, மாவுக் கையோடு எழுந்து போய்க் கலண்டரைப் பார்த்தார்.