பதிவேட்டில் கொள்ளுத்தாத்தா இல்லையா? பாட்டியிடம் முறை கேளுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து நகரத்தார் வீடுகளுக்கு ஒரு வசதி உண்டு. கல்யாணம் முடிந்தால் நகரக் கோயிலில் புள்ளி ஏறிவிடும், அதாவது அந்தத் தம்பதி ஒரு குடும்பமாகக் கோயில் கணக்கில் பதிவாகிவிடும். ஒன்பது கோயில்களில் யார் எந்தக் கோயில் என்பதில் சந்தேகம் வருவதில்லை. (பிள்ளை கூட்டிக்கொண்ட, அதாவது தத்தெடுத்த, வீடுகளில் மட்டும் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும்.) அதே ஊர்களில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அந்த இடத்தில் பங்குப் பதிவேடு இருக்கிறது: ஞானஸ்நானம், கல்யாணம் ஆகியவற்றைப் பங்குக் கோயிலில் எழுதிவைக்கும் ஏடு. அதில் பழைய பக்கங்கள் இருப்பதும் இல்லாததும் அவரவர் அதிர்ஷ்டம். பழைய ஆவணங்களைப் படித்துச் சொல்வது என் தொழில் என்பதால் என்னிடம் வருகிறவர்களின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஞானஸ்நானப் புத்தகத்தில் கொள்ளுத்தாத்தா பேரே காணோம். அப்போ நாங்க வேதத்துக்கு வந்தது எப்போ?"

பெயர் இல்லை என்பதால் ஆள் கிறிஸ்தவர் இல்லை என்று ஆகிவிடாது. பதிவேடு எழுத வேண்டும் என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் 1563-இலேயே விதித்துவிட்டது. ஆனால் அதற்குப் பின்னால் இங்கே சேசு சபையார் நடத்திய மதுரை மிஷனில் ஒரே சாமியார் எத்தனையோ ஊர்களைச் சுற்றி வந்தார். இடையில் இருந்து சபையைக் காத்தவர் உபதேசியார். ஆபத்து நேரத்தில் ஞானஸ்நானம் கொடுத்தவரும் அவர்தான், அது எந்த ஏட்டிலும் ஏறாமலே போயிருக்கலாம். 1773-இல் சேசு சபை கலைக்கப்பட்டபின் குருக்கள் பஞ்சம். 1830-களின் கடைசியில் பிரெஞ்சுச் சேசு சபையார் வந்து இறங்கியபோது, போர்ச்சுகீசிய அதிகாரத்தின் கீழ் இருந்த கோவாக் குருக்களுக்கும் அவர்களுக்கும் அதிகாரச் சண்டை. ஊர் இரண்டுபட்டால் குடும்பம் ஒரு தலைமுறையில் ஒரு கோயிலுக்கும் அடுத்ததில் மற்றதற்கும் போயிருக்கும். ஆகவே ஒரு பங்கின் ஏட்டில் இருபது வருஷம் ஆள் மறைந்தால், முதலில் எதிர்க்கட்சியின் ஏட்டைத் தேடுங்கள்.

மறைமாவட்ட எல்லைகளும் மாறிக்கொண்டே வந்தன. இந்தப் பகுதி 1886-இல் அமைந்த திருச்சி மறைமாவட்டத்தில் இருந்தது. 1938-இல் மதுரைக்கு வந்தது, 1987-இல் சிவகங்கை தனியானது. இன்றைய பங்கில் ஏடு இல்லையென்றால் அது பிரிந்து வந்த தாய்ப்பங்கு எது என்று விசாரிக்க வேண்டும்.

பெயர்களை அப்படியே தேடினாலும் கிடைக்காது. சாமியார் லத்தீனில் எழுதுவார். வீட்டில் சூசை என்றால் ஏட்டில் யோசேப்புஸ், இராயப்பன் என்றால் பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், இன்னாசி இக்னாசியுஸ். இதெல்லாம் பழகினால் வந்துவிடும். தேதிதான் தொல்லை. ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சாமியார் ஊருக்கு வந்த நாளாக இருக்கலாம். வீட்டுக் குறிப்பிலோ கல்லறையிலோ 'விரோதிகிருது வருஷம்' என்று இருந்தால் அது 1911-ஆ, 1851-ஆ என்று மற்ற பெயர்களை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

பலரும் புரட்டாமல் விடுவது திருமணப் பதிவேடு. என் அனுபவத்தில் அதிகம் கொடுப்பது அதுதான். நம் வழக்கம் அத்தை மகள், மாமன் மகள். திருச்சபைச் சட்டப்படி அது தடையுள்ள உறவு, விலக்கு வாங்காமல் கல்யாணம் நடத்த முடியாது. அந்த விலக்கைச் சாமியார் படிக்கணக்கோடு, அதாவது உறவு எவ்வளவு நெருக்கம் என்ற கணக்கோடு, எழுதிவைப்பார். பழைய கணக்கில் 'இரண்டாம் படி' என்றால் மாப்பிள்ளையின் பெற்றோரில் ஒருவரும் பெண்ணின் பெற்றோரில் ஒருவரும் உடன்பிறந்தவர்கள். 'மூன்றாம் படி' என்றால் இருவருக்கும் பூட்டன் பூட்டி ஒன்று. 1983 திருச்சபைச் சட்டத்துக்குப் பின் எண்ணும் முறை மாறி, அதே அத்தை மகள் உறவு நான்காம் படி ஆகிவிட்டது. இன்றைய கணக்கில் பழைய ஏட்டைப் படித்தால் ஒரு தலைமுறையே இடம் மாறிப்போகும்.

தேவகோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த குடும்பத்துக்கு இப்படித்தான் வழி பிறந்தது. கொள்ளுத்தாத்தாவின் ஞானஸ்நானப் பக்கம் கரையானுக்குப் போய்விட்டது. திருமணப் பதிவில் 'இரண்டாம் படி' விலக்கு இருந்தது. பெண்ணுடைய தாயின் ஞானஸ்நானம் அடுத்த பங்கில் பெற்றோர் பெயரோடு கிடைத்தது. அவர்களையே கொள்ளுத்தாத்தாவுக்கும் தாத்தா பாட்டியாக எழுதிவிடலாமா? கூடாது. மாப்பிள்ளையின் அப்பா பெண்ணின் அம்மாவோடு பிறந்தவராக இருந்தால்தான் அது சரி. மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் அப்பாவோடு பிறந்தவராக இருந்தால் கிளையே வேறு. வீட்டில் இருந்த மூத்த அம்மாளுக்கு வருஷம் ஒன்றுகூட நினைவில்லை. ஆனால் "அவுக கட்டுனது சொந்த அத்தை மகளை" என்பதில் தடுமாற்றமே இல்லை. ஞானத்தந்தையாக நின்றவரின் பெயரும் அதற்கு ஒத்து வந்தது. அதன் பிறகுதான் கோடு போட்டோம்.

நம் பெரியவர்கள் வயதில் பத்து வருஷம் கூட்டிக் குறைப்பார்கள். முறையில் அப்படித் தவறுவது அபூர்வம், ஏனென்றால் யாரை யார் கட்டலாம் என்பதே அதில்தான் நின்றது.

ஞானஸ்நான ஏட்டின் ஓரத்தையும் விடாமல் பாருங்கள். 1908-இல் நடைமுறைக்கு வந்த திருச்சபை ஆணைக்குப் பின், ஒருவருக்கு எங்கே கல்யாணம் நடந்தாலும் அதை ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும். கொண்டுவிக்க (கடல் கடந்து தொழில் செய்ய) போன செட்டியார்களை ஒட்டி இரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று போன குடும்பங்களுக்கு இந்த ஓரக்குறிப்பு பெரிய துணை.

இப்போது பணம் வாங்கிக்கொண்டு வம்சாவளி அச்சடித்துக் கொடுக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். முக்கால்வாசி அட்டவணைகளின் உச்சியில் ஓரியூர் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) கையால் ஞானஸ்நானம் பெற்ற ஒரு மூதாதை உட்கார்ந்திருப்பார். அருளானந்தர் உயிர்விட்டது 1693-இல். அதற்கும் உங்கள் ஏட்டின் முதல் பக்கத்துக்கும் இடையில் உள்ள தலைமுறைகளுக்கு என்ன ஆதாரம் என்று கேளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பங்கு, ஏடு, பக்கம் சொல்லாத அட்டவணைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஏட்டைப் பார்க்கப் பங்குச்சாமியிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். மற்ற குடும்பங்களின் விவரமும் அதில் இருப்பதால் முழுப் பக்கத்தையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். கிழிசலில் செலோடேப் ஒட்ட வேண்டாம், லேமினேஷனும் கூடாது.

அதற்கு முன்பே வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்துவிடுங்கள். "எப்பப் பிறந்தார்?" என்று ஆரம்பிக்காமல், "அவரை நீங்க என்ன முறை வச்சுக் கூப்பிட்டீங்க? அவர் வீட்டுக்காரம்மா உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேளுங்கள். சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி, சொன்னவர் பெயரையும் தேதியையும் பக்கத்திலேயே போட்டு வையுங்கள்.