பழைய போனை அன்றைக்கே கொடுத்துவிடாதீர்கள்

தீபாவளி சமயத்தில் என் சர்வீஸ் கடைக்கு இரண்டு கூட்டம் வரும். முதல் கூட்டம் டெம்பர் கிளாஸ் ஒட்டவும் பவுச் வாங்கவும் சிரித்த முகத்தோடு வரும். இரண்டாவது கூட்டம் மூன்று நாள் கழித்து வரும். "அண்ணே, புதுப் போன் வாங்கினேன், நம்பரெல்லாம் போச்சு" என்பார்கள்.

போன வருடம் ஒரு மளிகைக் கடைக்காரர் அப்படித்தான் வந்தார். ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் போட்டு வாங்கியிருக்கிறார். பழைய போனை அங்கேயே ரீசெட் செய்து, அதாவது உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து, எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து ஜிமெயிலைப் போட்டால், பாஸ்வேர்டு சரி. ஆனால் "உங்கள் இன்னொரு போனுக்கு அறிவிப்பு அனுப்பியிருக்கிறோம், அதில் ஆம் என்று தொடுங்கள்" என்கிறது கூகுள். அந்த இன்னொரு போன்தான் கைமாறிவிட்டதே! சரி, மொபைல் எண்ணுக்கு ஓடிபி வரட்டும் என்றால், கணக்கில் இருந்தது அவர் எப்போதோ விட்டுவிட்ட பழைய நம்பர். இருபது வருட வாடிக்கையாளர் எண்கள், பேரன் படங்கள் எல்லாம் கூகுளில் பத்திரமாகத்தான் இருந்தன. உள்ளே போக வழியில்லை. நல்லவேளை, மகளின் லேப்டாப்பில் அதே கணக்கு எப்போதோ திறந்து, மூடாமல் கிடந்தது. அங்கிருந்து காண்டாக்ட், படங்கள் எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டோம். எல்லோருக்கும் அப்படி ஒரு லேப்டாப் இருக்காது.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். புதுப் போனை ஆன் செய்து தரும்போது, அவசரத்தில் கடைப் பையன்களே ஒரு புது ஜிமெயில் உருவாக்கிவிடுகிறார்கள். மூன்று போன் மாற்றியவருக்கு மூன்று ஜிமெயில். ஒன்றின் பாஸ்வேர்டும் அவருக்குத் தெரியாது. புதுப் போன் வாங்கப் போகும் முன், பழைய போனின் செட்டிங்ஸில் எந்த ஜிமெயில் இருக்கிறது, பாஸ்வேர்டு தெரியுமா, அதில் கொடுத்திருக்கும் மொபைல் எண் இப்போது உங்கள் கையில் இருப்பதுதானா என்று பாருங்கள். அப்படியே காண்டாக்டெல்லாம் அந்த ஜிமெயிலில்தான் சேமிக்கப்பட்டிருக்கிறதா, இல்லை சிம்மிலும் போனிலுமாகச் சிதறிக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். பத்து நிமிட வேலை.

வாட்ஸ்அப்பும் இதோடு பின்னியதுதான். ஆண்ட்ராய்டில் அதன் பேக்கப், அதாவது உரையாடல்களின் நகல், உங்கள் ஜிமெயிலுக்குரிய கூகுள் டிரைவில் போய் உட்காருகிறது. புதுப் போனில் வேறு ஜிமெயில் போட்டால் அந்த பேக்கப் கண்ணிலேயே படாது. இலவச இடம் 15 ஜிபிதான். போட்டோ, மெயில், வாட்ஸ்அப் மூன்றும் அதையே பங்குபோட்டுக்கொள்கின்றன. நிறைந்துவிட்டால் பேக்கப் நின்றுபோகும், நாம் கவனிக்க மாட்டோம். அதனால் கடைசியாக பேக்கப் ஆன தேதியைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். புதுப் போனில் நம்பரைப் பதிந்ததும் 'பழைய உரையாடல்களை மீட்கவா' என்று கேட்கும். அவசரத்தில் தள்ளிவிட்டால், செயலியை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். இரண்டு போனும் கையில் இருந்தால் இந்தத் தொல்லையே வேண்டாம். க்யூஆர் கோடு காட்டி நேரடியாக மாற்றிக்கொள்ளலாம்.

பணம் அனுப்பும் யுபிஐ செயலிகள் சிம்மைப் பார்க்கும். வங்கியில் பதிந்த சிம் அதே போனில் இருந்து, அதிலிருந்து எஸ்எம்எஸ் போனால்தான் கணக்கு இணையும். இணைந்தாலும் ஆண்ட்ராய்டில் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய் வரைதான் அனுப்ப முடியும். போன் மாற்றும்போது சிம்மையும் மாற்றினால், அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இருக்கும் இ-சிம் போட்டாலும் சரி, ஒரு நாளுக்கு எஸ்எம்எஸ் வேலை செய்யாது. நம் பேரில் வேறு யாராவது சிம் வாங்கி ஏமாற்றாமல் இருக்கத்தான் இந்தத் தடை. நல்ல ஏற்பாடுதான், ஆனால் கல்யாண மண்டபத்துக்குப் பணம் கட்ட வேண்டிய நாளில் போய்ப் போன் மாற்றாதீர்கள்.

என்னைக் கேட்டால் எக்ஸ்சேஞ்சே வேண்டாம். பழைய போனை ஒரு வாரம் வீட்டில் வைத்திருங்கள். அந்த வாரத்தில்தான் மறந்துபோன ஒவ்வொன்றும் ஞாபகத்துக்கு வரும். அப்புறம் தனியாக விற்றுக்கொள்ளலாம்; சில நூறு ரூபாய் குறைந்தாலும் போகட்டும்.

"ரீசெட் செய்தாலும் படங்களை எடுத்துவிடுவார்களாமே?" என்று, குறிப்பாகப் பெண்கள், பயந்துகொண்டு கேட்கிறார்கள். ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பின் வந்த பதிப்போடு விற்பனைக்கு வந்த போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் பூட்டியே வைக்கப்பட்டிருக்கும்; ரீசெட் செய்யும்போது அந்தப் பூட்டின் சாவியே அழிந்துவிடும். அதனால் பயம் வேண்டாம். மிகப் பழைய போன் என்றால் விற்காமல் வைத்துக்கொள்வதே மேல். ரீசெட் செய்யும் முன் ஜிமெயில் கணக்கை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் சில சமயம் வாங்கியவர் ஆன் செய்யும்போது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும், அவர் உங்களைத் தேடி வருவார்.

ரீசெட் செய்தாலும் மெமரி கார்டு தானாக அழிவதில்லை. தனியாகக் கழற்ற வேண்டும். செகண்ட் ஹேண்டாக வரும் போன்களில் நான் அடிக்கடி பார்ப்பது அதைத்தான். இப்போதும் என் மேசை டிராயரில் ஆறு கார்டுகள் கிடக்கின்றன. ஒன்றில் யார் வீட்டுக் குழந்தைக்கோ காது குத்திய படங்கள். போனைக் கொண்டுவந்து தந்த இடைத்தரகருக்கும் அது யாருடையது என்று தெரியவில்லை.