அனாதை மருந்தா, அரும்பிணி மருந்தா?

போன மாதம் ஒரு துண்டறிக்கையைப் பிழை பார்த்துத் தரச் சொன்னார்கள். முதுகுத் தண்டுவடத் தசைச்சிதைவு என்ற மரபணு நோய் வந்த குழந்தைகளின் பெற்றோர் சேர்ந்து நடத்தும் சின்ன அமைப்பு. ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு அச்சடிக்கப் போகிறார்கள். இரண்டாம் பத்தியில் ‘அனாதை மருந்துகளின் ஆராய்ச்சிக்குக் கை கொடுப்பீர்’ என்று இருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் அந்த வரியில் விரலை வைத்து, “சார், நாங்க ரெண்டு பேரும் உயிரோடதானே இருக்கோம், எங்க பிள்ளை எப்படி அனாதையாகும்?” என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. தமிழில் ‘மருந்து’ என்ற சொல்லுக்கு முன்னால் வருவது பெரும்பாலும் அந்த மருந்து யாருக்கு, எதற்கு என்பதைச் சொல்லும். இருமல் மருந்து, பேன் மருந்து, மாட்டு மருந்து. குழந்தை மருந்து என்றால் குழந்தைக்குக் கொடுப்பது. அந்த வரிசையில் அனாதை மருந்து என்றால்? அனாதைகளுக்குக் கொடுப்பதுதான். பள்ளிக்கூடத்தில் படித்த நான்காம் வேற்றுமைத் தொகை இது. ‘கு’ உருபு மறைந்து நிற்கிறது, அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு இலக்கணத்தின் பெயர் தெரியாது, காது சரியாக வேலை செய்தது. மொழிபெயர்த்தவருக்குத்தான் செய்யவில்லை. செய்தித்தாள், சுகாதாரக் கையேடு, வலைத்தளம் என்று இந்தச் சொல்லை எத்தனை முறை பார்த்துவிட்டேன், இனிமேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

ஆங்கிலத்தில் ‘ஆர்ஃபன் டிரக்’, அதாவது மிகச் சிலருக்கே வரும் நோய்க்கான மருந்து. ஆர்ஃபன் என்பது கிரேக்க ‘ஆர்ஃபனோஸ்’ வழியாக லத்தீனுக்கு வந்து, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். பெற்றோரை இழந்த பிள்ளை என்று பொருள். நம் ‘அனாதை’ வடமொழி ‘அநாத’. நாதன் இல்லாதவர், காப்பார் இல்லாதவர். சரி, வேர் இவ்வளவு போதும்.

மருந்துலகில் இந்த உருவகம் நுழைந்த கதையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1968-ல் ஹாரி ஷர்க்கி என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர்தான் இதை முதலில் எழுத்தில் பிடித்தார். புது மருந்துகளைப் பெரியவர்களிடம் மட்டுமே சோதித்துவிட்டுக் குழந்தைகளைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள், சிகிச்சை உலகில் குழந்தைகள் அனாதைகளாகிவிட்டார்கள் என்றார். அவர் அனாதை என்றது குழந்தையை, மருந்தை அல்ல. அப்புறம்தான் அது மருந்தின் தலையில் ஏறியது. ஒரு நோய் சில ஆயிரம் பேருக்குத்தான் வருகிறது என்றால் அதற்கு மருந்து செய்து எந்த நிறுவனமும் போட்ட முதலை எடுக்க முடியாது. ஆய்வகத்தில் நம்பிக்கை தந்த பொருள்கூட அலமாரியில் தூங்கும். எடுத்து வளர்க்க ஆள் இல்லை என்பதால் அனாதை.

1983 ஜனவரியில் அமெரிக்காவில் இதற்கென்றே சட்டம் வந்தது. அந்நாட்டில் 2 லட்சம் பேருக்கும் குறைவாக வரும் நோய்க்கு மருந்து செய்தால் 7 ஆண்டு ஏகபோக விற்பனை உரிமை, சோதனைச் செலவில் வரிச் சலுகை. அதற்கு முந்தைய பத்தாண்டில் நிறுவனங்கள் இப்படிக் கொண்டுவந்த மருந்துகள் பத்துகூட இல்லை. அதன் பிறகு வந்தவை பல நூறு. அந்தச் சட்டத்துக்காக நடையாய் நடந்தவர்களில் முக்கியமானவர் ஏபி மேயர்ஸ். மகனுக்கு டூரெட் நோய்க்குறி, உடல் தன்னையறியாமல் வெட்டி இழுக்கும் நரம்புக் கோளாறு. அவனுக்குப் பலன் தந்த மருந்தை, வாங்க ஆள் குறைவு என்று நிறுவனம் பாதியில் நிறுத்தியதும் தெருவில் இறங்கிய தாய் அவர்.

இங்கேதான் என் சண்டை. அந்த மருந்துகள் இன்று அனாதையா? தண்டுவடத் தசைச்சிதைவுக்கான மரபணு ஊசி 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது விலை 21 லட்சம் டாலருக்கு மேல். நம் ஊரில் 16 கோடி ரூபாய் என்று செய்திகளில் அடிபட்டதே, அதேதான். 16 கோடிக்கு விற்கும் சரக்கை ‘அனாதை’ என்று தமிழில் எழுதக் கை எப்படி வருகிறது? ஆங்கிலத்தில் அது தேய்ந்துபோன சட்டச் சொல், கேட்பவர் யாருக்கும் பிள்ளை நினைவுக்கு வராது. தமிழில் அனாதை இன்னும் சுடும். ‘அனாதைப் பிணம்’ என்கிறோம், ‘பஸ் ஸ்டாண்டில் அனாதையாகக் கிடந்த பை’ என்கிறோம். அந்த வரிசையில் அனாதை மருந்தைச் சேர்த்தால் யாரும் கேட்டு வராமல் கடைத் தட்டில் காலாவதியாகிக் கிடக்கும் புட்டிதான் கண்ணில் நிற்கும். பிள்ளைகள் விடுதிகளின் பெயரிலிருந்தே அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘ஆதரவற்றோர் இல்லம்’ என்று மாற்றி எவ்வளவோ காலமாகிறது.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் ‘ஏதிலி மருந்து’ என்றார். வடசொல் போயிற்று, நோய் போகவில்லை. வள்ளுவர் ‘ஏதிலார் குற்றம்போல்’ என்னும்போது ஏதிலார் அயலார். ஈழத்தமிழர் எழுத்தில் ஏதிலி என்றால் அகதி. முகாமில் கொடுக்கும் மாத்திரையா இது? சொல்லைத் தூய்மையாக்கிவிட்டால் பொருள் தானாக வந்து உட்கார்ந்துவிடும் என்று நம்புகிறவர்களோடு வாதாடி எனக்குப் பாதி ஆயுசு போய்விட்டது.

இன்னொருவர் ‘அருமருந்து’ என்றார். அழகான சொல்தான், ஆனால் அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. ‘அருமருந்தன்ன பிள்ளை’தான் மருவி ‘அருமந்த பிள்ளை’ ஆனது. பஞ்சாயத்துக் கூட்டத்தில் ‘ஒற்றுமையே அருமருந்து’ என்பார்கள். ‘அரிய மருந்து’ அதைவிட மோசம். அரிது நோய்தானே, மருந்து அல்லவே.

அப்படியானால் என்ன சொல்வது? மருந்தை விட்டுவிட்டு நோயைப் பெயரிடுங்கள். ‘அரிய நோய்’ என்பதில் எனக்குச் சின்ன உறுத்தல் உண்டு. அரிய வாய்ப்பு, அரிய நூல் என்று பழகிய காதில் அது ஏதோ கிடைக்காத பொக்கிஷம் மாதிரி விழுகிறது. ‘அரும்பிணி’ அப்படி இல்லை. நற்றிணை 136-ல் ‘அரும்பிணி உறுநர்க்கு வேட்டது கொடாஅது, மருந்தாய்ந்து கொடுத்த அறவோன் போல’ என்று வருகிறது. நோயாளி ஆசைப்பட்டதைக் கொடுக்காமல், ஆய்ந்து பார்த்து மருந்து கொடுத்த நல்லவன். அங்கே அரும்பிணி தீர்க்கக் கடினமான நோய். அரு என்பதற்கு அபூர்வம், கடினம் என்ற இரண்டு பொருளும் உண்டு, இந்த நோய்களுக்கு இரண்டுமே பொருந்தும். ‘அரும்பிணி மருந்து’ என்றால் இருமல் மருந்து போலவே அரும்பிணிக்கான மருந்து. காது குழம்பாது. பேச்சில் ‘அரிதான நோய்க்கான மருந்து’ என்றாலும் எனக்குச் சம்மதமே.

இதோடு நிற்கவில்லை அந்தத் துண்டறிக்கை. ‘மரபணு நோய்’ என்று வர வேண்டிய இடமெல்லாம் ‘பரம்பரை நோய்’. இது வெறும் சொல் தவறு இல்லை. தண்டுவடத் தசைச்சிதைவில் பெரும்பாலும் தாய், தந்தை இருவருமே பழுதான மரபணுவின் ஒரு பிரதியைத் தெரியாமல் சுமப்பவர்கள். அவர்களுக்கு நோய் இருக்காது. ஒவ்வொரு பேற்றிலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்கு வரும். ‘பரம்பரை’ என்று எழுதிவிட்டால் தலைமுறை தலைமுறையாக நோய் வந்த குடும்பம் என்றுதான் காதில் விழும். அப்புறம் மாமியார் எந்தப் பக்கம் விரலை நீட்டுவார் என்று சொல்லவும் வேண்டுமா?

‘நிதியுதவி’, ‘நன்கொடை’, ‘ஆராய்ச்சி நிதி’ மூன்றையும் ஒன்றாகக் கலக்கியதும் அதே கை. ஒரு பிள்ளையின் ஊசிக்கு ஊர் கூடிப் பணம் கொடுப்பது உதவி. இந்திய அரசின் அரிய நோய்க் கொள்கை வந்தது 2021-ல், அதன்படி ஒரு நோயாளியின் சிகிச்சைக்குத் தரும் தொகை 2022-ல் 50 லட்சம் வரை உயர்ந்தது. அதுவும் உதவிதான். இன்னும் கண்டுபிடிக்காத மருந்துக்குக் கொடுப்பது வேறு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பது நுரையீரலைக் கெடுக்கும் ஒரு மரபணு நோய். அதற்கான அமெரிக்க அறக்கட்டளை, மக்களிடம் திரட்டிய பணத்தை 2000 வாக்கில் ஒரு சின்ன ஆய்வு நிறுவனத்தில் போட்டது. 2012-ல் மருந்து வந்தது. 2014-ல், மருந்து விற்பனையில் தனக்கு வர வேண்டிய பங்கின் உரிமையை 330 கோடி டாலருக்கு விற்று, பணத்தை மறுபடி ஆராய்ச்சியில் இறக்கியது. இப்படிப் பெற்றோர் காசில் பிறந்த மருந்தைப் போய் அனாதை என்பதா?

எல்லாவற்றையும் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தேன். போன வாரம் அச்சாகி வந்தது. உள்ளே ‘அரும்பிணி மருந்து’ என்று சரியாகவே இருக்கிறது. நன்கொடை ரசீதின் கீழே, பொடி எழுத்தில் மட்டும், ‘அனாதை மருந்து நிதிக்காக நன்றியுடன் பெறப்பட்டது’. ரசீதுக்கு வேறு அச்சகமாம்.