தகவமைப்பா, தகவமைவா?

ஞாயித்துக்கிழமை காலைல பள்ளிக்கரணைல பூநாரை பாத்துட்டு நின்னோம். பக்கத்துல ஒரு அண்ணன் பசங்களுக்கு விளக்குறாரு, "சேத்துல இரை தேடணும்னு பூநாரை தன் அலகை வளைச்சுத் தகவமைச்சுக்கிச்சு." டப்பிங் டாக்குமென்டரி, யூடியூப்னு இதையே எத்தனை வாட்டிதான் கேக்குறது!

உயிரினம் தலைமுறை தலைமுறையா சூழலுக்குப் பொருந்தி வர்றதை இங்கிலீஷ்ல அடாப்டேஷன்பாங்க, தமிழ்ல தகவமைப்பு. அடாப்டேஷனுக்கு லத்தீன் வேர், 'ஆப்டஸ்'னா பொருத்தமானது. நம்ம தகவும் அதேதான், தகு-ங்கிற வினைலேர்ந்து வந்தது. 'தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்'னு குறள். எச்சம்னா விட்டுட்டுப் போற பிள்ளைங்கன்னும் அர்த்தம் உண்டு, பரிணாமத்துலயும் தகவை அளக்கறது வாரிசை வெச்சுதான். வள்ளுவர் சொன்னது நடுவுநிலைமை பத்தி, பயாலஜி இல்ல, வாட்ஸப்ல ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க.

சிக்கல் தகவமைப்புங்கிற சொல்லோட பின்பாதில. அமைதல் தன்வினை, தானா நடக்கறது, அதுலேர்ந்து அமைவு. அமைத்தல் பிறவினை, அதுலேர்ந்து அமைப்பு, அதாவது யாரோ அமைச்சாங்க. பூநாரை எந்தப் பட்டறைல போய் அலகை வளைச்சுது? தலையைத் தலைகீழா தண்ணில விட்டு வடிகட்டித் தின்னுற பறவை அது, அதுக்கு ஏத்த வளைவு கொஞ்சம் அதிகமா இருந்த பறவை நல்லா தின்னு நிறைய குஞ்சு பொரிச்சுது, தலைமுறை தலைமுறையா வளைவு கூடுச்சு, அவ்ளோதான். பசிபிக் கடல்ல இருக்கற கலாபகஸ் தீவுக்கூட்டத்துல, டாஃப்னி மேஜர் தீவுல 1977 வறட்சில சின்ன விதை தீந்துபோயி கெட்டி விதைதான் மிச்சம், அப்போ எந்தக் குருவியும் அலகைப் பெருசாக்கிக்கல, சின்ன அலகுக் குருவிங்க நிறைய செத்துச்சு, பெரிய அலகு பொழைச்சுது, அடுத்த தலைமுறைல சராசரி அலகே பெருசாச்சு. பீட்டர், ரோஸ்மேரி கிராண்ட்னு ஒரு உயிரியல் ஆய்வாளர் தம்பதி அளந்து காட்டினது இது.

'உடலமைப்பு'ன்னு சொல்றோமே, அதை யாரு அமைச்சாங்கன்னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனா 'உடலமைச்சுக்கிச்சு'ன்னு யாரும் பேசறதில்ல, தகவமைப்புன்னு வாயெடுத்தா அடுத்த மூச்சுலயே 'தகவமைத்துக்கொண்டது' வந்து ஒட்டிக்குது. இலங்கைல இசைவாக்கம்பாங்க, காதுக்கு இனிமை, ஆனா அங்கயும் ஒரு ஆக்கம் ஒளிஞ்சிருக்கு. எல்லாத்தையும் விட மோசம் தழுவல்! சினிமாவுக்குப் போடுறதைத் தூக்கிட்டு வந்து 'பறவைகளின் தழுவல்கள்'னு ஒரு மொழிபெயர்ப்பு, படிச்சா வேற காட்சிதான் கண்ணுல வருது. எதைப் பத்தின வாக்கியம்னு பாக்காம அகராதில முதல்ல இருக்கறதை எடுத்து ஒட்டிடறாங்க.

என் ஓட்டு தகவமைவுக்கு. அலகு இரைக்குத் தகவமைந்தது, முடிஞ்சுது.

அந்த அண்ணன்கிட்டயும் சொன்னேன். "ஒரு எழுத்துதானே சார்"னாரு. பொண்ணுக்கு மாப்பிள்ளை அமைஞ்சுதுன்னு சொல்வீங்களா, அமைச்சுதுன்னு சொல்வீங்களான்னு கேட்டேன். சிரிச்சுட்டு பைனாகுலரைக் கண்ணுல வெச்சுக்கிட்டாரு.