கீஃப்ரேம் கூடக் கூட நடை கெடுகிறது

கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன் போன மாதம் ஒரு பிளெண்டர் (3டி அனிமேஷன் மென்பொருள்) ஃபைல் அனுப்பினான். ஸ்கைரிம் கேமுக்கு ரசிகர்களே செய்து சேர்க்கும் மாற்றம், அதாவது மோட் ஒன்றுக்காக அவன் செய்த நடை. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அண்ணா, எவ்வளவு ஸ்மூத் பண்ணாலும் ஐஸ் மேல நடக்கிற மாதிரியே இருக்கு." திறந்து பார்த்தேன். 24 ஃப்ரேம், ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒவ்வொரு எலும்புக்கும் ஒரு கீ (இந்த ஃப்ரேமில் இது இப்படி இருக்க வேண்டும் என்று நாம் குறித்துவைக்கும் நிலை). அரிசி மூட்டை அவிழ்ந்து கொட்டியது போல இருந்தது டைம்லைன்.

கேம் அனிமேஷன்தான் எனக்குச் சோறு போடும் தொழில். மோட் செய்கிறவர்கள் பார்க்கச் சொல்லி அனுப்பும் ஃபைல்களில் அடிக்கடி இதே கதைதான். அசைவு எங்கோ உதறுகிறது. உடனே இன்னும் நாலு கீ போடுகிறார்கள். அப்புறமும் உதறினால் கீகளை இணைத்து அசைவைக் காட்டும் கோடான கர்வை மொத்தமாகப் பிடித்து ஸ்மூத் பட்டனை அழுத்துகிறார்கள். உதறல் போய்விடும், எடையும் கூடவே போய்விடும். பாத்திரம் தண்ணீருக்குள் நடப்பது போல ஆகிவிடும்.

முதலில் ஃப்ரேம் கணக்கு. பிளெண்டரைப் புதிதாகத் திறந்தால் நொடிக்கு 24 ஃப்ரேம் என்று இருக்கும். ஸ்கைரிமின் அனிமேஷன்கள் 30-இல் ஓடுபவை. எக்ஸ்போர்ட் செய்யும் கருவி ஃப்ரேம் எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டால், பிளெண்டரில் ஒரு நொடி எடுத்த நடை கேமில் 0.8 நொடியில் முடிந்துவிடும். வேலையைத் தொடங்கும் முன்பே 30 என்று மாற்றிவிடுங்கள். திரை 60-இல் ஓடுகிறதே, 60 கீ வேண்டாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். இடைப்பட்ட நிலைகளை கேமை ஓட்டும் மென்பொருளான எஞ்சினே கணக்கிட்டு நிரப்பிக்கொள்ளும்.

அடுத்தது பாதம். நடை பொய்யாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம் இங்கேதான் இருக்கும்.

சாதாரணமாக நடக்கிறவர் நொடிக்குச் சுமார் 1.4 மீட்டர் போவார். இடது, வலது இரண்டு எட்டும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு நொடி. 30 ஃப்ரேமுக்கு 140 சென்டிமீட்டர் என்றால் ஃப்ரேமுக்கு 4.7. நின்ற இடத்திலேயே நடக்கும் அனிமேஷனில், தரையில் ஊன்றிய பாதம் ஒவ்வொரு ஃப்ரேமிலும் அந்த 4.7 சென்டிமீட்டரைப் பின்னால் போக வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. காலுக்கடியில் தரை ஒரே வேகத்தில்தானே நகர்கிறது? ஆனால் பிளெண்டர் இரண்டு கீக்கு நடுவே தானாகப் போடுவது பெசியர் வளைவு. மெல்லக் கிளம்பி, நடுவில் வேகமெடுத்து, மறுபடி மெல்ல நிற்கும். கிராஃப் எடிட்டரில் பார்க்க அழகாக இருக்கும். கேமில் போட்டால் பாதம் முதலில் வழுக்கும், பிறகு தரையை முந்தும். தம்பி சொன்ன ஐஸ் இதுதான். குதிகால் பட்டதிலிருந்து பாதம் தரையை விடும் வரை உள்ள கீகளை மட்டும் தேர்ந்தெடுத்து டி (T) விசையை அழுத்தி லீனியர், அதாவது நேர்க்கோடு ஆக்குங்கள். காற்றில் வீசும் பகுதிக்கு வளைவு இருக்கட்டும். நேர்க்கோடு போட்டால்தான் நடை வழவழப்பாகும் என்பதை நம்பவே எனக்கும் ஆரம்பத்தில் சில மாதம் பிடித்தது.

பாத்திரத்தின் வேகத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். சில கேம்களில் வேகம் வேறெங்கோ ஒரு எண்ணாக இருக்கும். அந்த எண்ணுக்கு ஏற்ப எட்டின் நீளத்தை நீங்கள் அமைக்க வேண்டும். 2004-இல் வந்த ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் வேறு மாதிரி. அதன் அனிமேஷன்கள் இருக்கும் ஐஎஃப்பி கோப்பில், நடை அனிமேஷனுக்குள்ளேயே முழு உடலையும் நகர்த்தும் ரூட் எலும்பின் நகர்வும் இருக்கும். தேவையில்லாத கீ என்று அதைத் துடைத்துவிட்டால் அதன் நாயகன் சிஜே நின்ற இடத்திலேயே காலாட்டிக்கொண்டிருப்பார்.

இனி எடை. இதை மென்பொருளில் கற்றுக்கொள்ள முடியாது. எங்கள் வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனை நான் தூக்குவதைப் போனில் 60 ஃப்ரேமில் எடுக்கச் சொல்லி, ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தேன். முதலில் கால் அகலமாகிறது. இடுப்பு இறங்குகிறது. கை நீண்டு பிடியை இறுக்குகிறது. அதன்பின் சில ஃப்ரேமுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. கேன் தரையிலேயே இருக்கிறது, தோள் மட்டும் இழுபடுகிறது. பிறகுதான் எழும்புகிறது, உடல் எதிர்ப்பக்கம் சாய்கிறது, காலியான கை தானாக விரிகிறது. அந்த ஒன்றும் நடக்காத சில ஃப்ரேம்கள்தான் 20 கிலோ. ஸ்மூத் பட்டன் முதலில் தின்பது அதைத்தான். கேன் பஞ்சுப் பொதியாகிவிடும். (வீடியோவில் என் முதுகு வளைந்திருந்த லட்சணத்துக்கு வீட்டில் கிடைத்த அர்ச்சனை தனிக்கதை.)

அதே வீடியோவில் இன்னொன்றும் தெரிந்தது. உடம்பு ஒரே நேரத்தில் அசைவதே இல்லை. இடுப்பு கிளம்பி ஓரிரு ஃப்ரேம் கழித்து மார்பு, பிறகு தோள், முழங்கை, கடைசியாக மணிக்கட்டு. தம்பியின் ஃபைலில் எல்லா எலும்பும் அட்டென்ஷனில் நிற்கும் போலீஸ் அணி போல ஒரே ஃப்ரேமில் திரும்பின. முதலில் முக்கிய நிலைகளை மட்டும் வையுங்கள்: குதிகால் படுவது, உடல் தாழ்வது, கால் கடப்பது, உடல் எழுவது. இரண்டு காலுக்கும் சேர்த்து எட்டு நிலை. அவை சரியான பிறகு மேலுடம்பின் கீகளை ஓரிரு ஃப்ரேம் தள்ளுங்கள். அதற்கு மேல் கீ வேண்டும் என்று தோன்றினால் எதற்கு என்று உங்களையே கேளுங்கள்.

குதிப்பதில் கணக்கு ஏமாற்றாது. 45 சென்டிமீட்டர் எம்புகிறவர் மேலே போக 0.3 நொடி, கீழே வர 0.3 நொடி. ஆக 18 ஃப்ரேம். ஒரு முழு நொடி காற்றில் இருக்க வேண்டுமானால் 1.2 மீட்டருக்கு மேல் எம்ப வேண்டும். உங்கள் வீரன் கவசத்தோடு அரை மீட்டர் குதித்துவிட்டு 30 ஃப்ரேம் மிதந்தால் நிலவில் இருக்கிறான் என்று அர்த்தம்.

வாள் வீச்சில் மட்டும் யதார்த்தத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொல்வேன். கையைப் பின்னால் இழுத்து ஓங்குவதற்கு 15 ஃப்ரேம் கொடுத்தால் பார்க்க அருமை. ஆனால் பட்டனை அழுத்திய ஆள் அரை நொடி காத்திருக்கிறான். அவனுக்கு கேம் இழுக்கிறது என்றுதான் தோன்றும். விளையாடுபவரின் பாத்திரத்துக்கு ஓங்கலைச் சுருக்கி, வெட்டிய பிறகு உடல் தடுமாறி நிலைகொள்வதில் கனத்தைக் காட்டுங்கள். எதிரிக்கு நேர்மாறு. அவன் நிதானமாக ஓங்கினால்தான் நமக்கு விலக நேரம் கிடைக்கும்.

திரும்பத் திரும்ப ஓடும் அசைவு, அதாவது லூப், ஒவ்வொரு சுற்றிலும் தட்டுவதற்குப் பெரும்பாலும் முதல் ஃப்ரேமும் கடைசி ஃப்ரேமும்தான் காரணம். வால்வ் நிறுவனத்தின் சோர்ஸ் எஞ்சினில் இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இரண்டையும் காட்டிவிடும் எஞ்சினில் அதே ஒற்றுமை ஒரு ஃப்ரேம் விக்கலாகும். உங்கள் கேம் எதைக் கேட்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிலை பொருந்தினால் போதாது, கர்வின் சாய்வும் பொருந்த வேண்டும். நடையையும் ஓட்டத்தையும் ஒரே காலில் தொடங்குங்கள். நடை இடதிலும் ஓட்டம் வலதிலும் தொடங்கினால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கலக்கும் நேரத்தில் கால்கள் ஒன்றுக்குள் ஒன்று புகும்.

அனிமேஷன் நன்றாக இருந்தும் மணிக்கட்டு மிட்டாய்த் தாள் போல முறுக்கிக்கொள்கிறதா? பிளெண்டரில் மூட்டு வளையும்போது பருமன் குறையாமல் காக்கும் பிரிசர்வ் வால்யூம் டிக் போட்டுப் பார்த்து ஏமாந்திருப்பீர்கள். நிறைய கேம்கள் அந்த முறையில் தோலை வளைப்பதில்லை. டிக்கை எடுத்துவிட்டுச் சோதியுங்கள். தோலின் ஒரு புள்ளி (வெர்டெக்ஸ்) எத்தனை எலும்புக்குக் கட்டுப்படலாம் என்பதற்கும் வரம்பு உண்டு; பல எஞ்சின்களில் நான்கு, சோர்ஸில் மூன்று.

நிஜ மனிதரின் அசைவைப் பதிவு செய்யும் மோஷன் கேப்சர் எடுத்துப் போட்டால் இவ்வளவு வேலை இல்லையே என்பார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் இலவசத் தொகுப்பை நானும் பயன்படுத்தியிருக்கிறேன். நொடிக்கு 120 ஃப்ரேமில் பதிவானது அது. அதிர்வு இருக்கும், வடிகட்டத்தான் வேண்டும். முதுகிலும் கையிலும் வடிகட்டுங்கள்; குதிகால் தரையில் அறையும் இடத்தைத் தொடாதீர்கள், அது ஓரிரு ஃப்ரேம் சமாச்சாரம், கரைந்துவிடும். இன்னொரு கேமிலிருந்து உருவிய அனிமேஷனை மட்டும் மோடில் போடாதீர்கள். அப்படிப் போட்டு, மாதக்கணக்கான உழைப்போடு மொத்த மோடும் நீக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

தம்பியின் ஃபைலில் பெரும்பாலான கீகளை அழித்துவிட்டு, எட்டு நிலைகளோடு திருப்பி அனுப்பினேன். நேற்று மறுபடி வாய்ஸ் மெசேஜ். "அண்ணா, தரையில சூப்பரா நடக்குது. படி ஏறும்போதுதான் கால் கல்லுக்குள்ள போயிடுது." அது கர்வில் தீராது. கேம் ஓடும்போதே பாதத்தைத் தரை மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் ஐகே பக்கம் போக வேண்டும். அந்தப் படிக்கட்டில் அவன் ஏறுவதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.